மூன்றாம் வகுப்பு ‘பி’யில் எல்லோரும் ஆஜர்

கீர்த்திஷிகர் இன்டர்நேஷனல் அகாடமியில் யாருக்கும் நோய் வராது. மராத்திக்காரர் ஊரான சிஞ்ச்வட் முழுக்க வீசுகிற அதே காற்றுதான் அங்கேயும் வீசுகிறது, தண்ணீரும் அதே மாநகராட்சித் தண்ணீர்தான். ஆனாலும் அந்த கேட்டைத் தாண்டி உள்ளே போகிற துணிச்சல் இதுவரை எந்தக் கிருமிக்கும் வந்ததில்லை என்று பள்ளி சொல்கிறது. கேட்டுக்கு மேலே சிவப்பு விளக்கெழுத்தில் ஒரு பலகை: ‘இன்றைய வருகை 100 சதவீதம்.’ மழையில் ஆறு பொங்கி, பாதி ஊர் முட்டளவுத் தண்ணீரில் நின்ற அன்றைக்கும் நூறு. ஞாயிற்றுக்கிழமையும் நூறு. தீபாவளி லீவில் வாட்ச்மேனும் ஒரு பூனையும் மட்டும் உள்ளே இருந்தபோதும் அந்த நூறு ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அந்தப் பலகையைப் பார்த்து மயங்கித்தான் பக்தவத்சலம் தன் ஒரே மகள் சுப்ரஜாவை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். மனுஷர் கோயம்புத்தூர்க்காரர். காருக்கு பிரேக் சாமான் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. எழுத்தில் வந்தால் நம்புவார், வாயால் சொன்னால் யோசிப்பார். மனைவி ராஜி நேர் எதிர். கண்ணால் பார்த்ததை மட்டும்தான் நம்புவாள். அதனால் அந்த வீட்டில் அவ்வப்போது முட்டிக்கொள்ளும்.

ஜனவரி கடைசியில் ஒருநாள் ராஜி காபி டம்ளரைக் கொண்டுவந்து ‘டொக்’கென்று வைத்தாள்.

“ஏனுங்க, நம்ம அம்முணி பக்கத்துல உக்கார்ற பையனுக்கு ரெண்டு கன்னமும் வீங்கிக் கெடக்குதாமா. முழுங்க முடியாம அழுவறானாமா. பொன்னுக்கு வீங்கியாட்டத்தான் இருக்குது. நாலு நாளைக்கு இவளை அனுப்ப வேண்டாங்க.”

“அதெல்லாம் ஸ்கூல்ல எழுதியே அனுப்பிச்சுட்டாங்க ராஜி,” என்று பக்தவத்சலம் போனை எடுத்துக் காட்டினார்.

எழுதித்தான் அனுப்பியிருந்தார்கள். ‘குளிர்காலத்தில் சில மாணவர்களின் கன்னங்களில் ஆரோக்கியமான பூரிப்பு காணப்படலாம். இது நம் பள்ளியின் மதிய உணவுத் திட்டத்தின் வெற்றி. பெற்றோர் இதில் பெருமிதம் கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ கீழே பிரின்சிபால் கையெழுத்து. அதற்கும் கீழே, பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஒரு மராத்தியம்மா ‘இது கால்குண்ட் இல்லையா? மம்ப்ஸ்?’ என்று அப்பாவியாகக் கேட்டிருந்தார். கேட்ட மாத்திரத்தில் அவரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

“பெருமிதமா!” என்றாள் ராஜி. “அந்தப் பையன் எச்சில் முழுங்க முடியாம அழுவறான், இவங்களுக்குப் பெருமிதம்.”

பக்தவத்சலம் மகளை அனுப்பினார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் ‘ஒரே டப்பா, ஒரே குடும்பம்’ என்று பள்ளியில் ஒரு திட்டம் உண்டு. எல்லாப் பிள்ளைகளின் சாப்பாட்டையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டி, நாலே நாலு ஸ்பூனை வைத்துக்கொண்டு வகுப்பே மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும். ஒற்றுமை வளருமாம். என்ன வளர்ந்தது என்று இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது.

காலையில் எழுந்தபோது சுப்ரஜாவுக்கு இடது காதுக்குக் கீழே பந்துபோல் வீங்கியிருந்தது. மறுநாள் வலது பக்கமும். காய்ச்சல் கொதித்தது. ராஜி தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி மகள் கழுத்தில் போட்டாள். அவர்கள் ஊரில் அப்படித்தான். பொன்னைப் போட்டால் வீக்கம் வடியும் என்பார்கள். பக்தவத்சலத்துக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் பள்ளியின் சுற்றறிக்கையை நம்பின வாயால் சங்கிலியைக் கேலி பண்ண அவருக்குக் கூச்சமாக இருந்தது.

டாக்டர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். மம்ப்ஸ்தான். வீக்கம் வடிகிறவரை வீட்டிலேயே இருக்கட்டும். தலைவலி, வாந்தி, காது மந்தம் என்று ஏதாவது சொன்னால் ஓடி வந்துவிடுங்கள். பள்ளிக்கும் சொல்லுங்கள், மற்ற பெற்றோரை உஷார்ப்படுத்துவார்கள், மாநகராட்சிக்கும் தகவல் கொடுப்பார்கள். இப்படி வரிசையாகச் செய்யவேண்டியதைச் சொன்னால் பக்தவத்சலத்துக்குக் கொஞ்சம் தெம்பு வரும். பள்ளிக்கு விவரமாக மெயில் போட்டுவிட்டு மகளுக்குக் கஞ்சி ஊட்ட உட்கார்ந்தார்.

மறுநாள் காலை. சுப்ரஜா கட்டிலில் கிடந்தாள். ஒரு வாய்க் கஞ்சி உள்ளே போகவில்லை. போன் ‘டிங்’கென்றது.

‘வாழ்த்துகள்! உங்கள் சுப்ரஜா இன்று புன்னகையுடன் வகுப்பறைக்குள் நுழைந்தார்.’ பக்கத்தில் ஒரு சூரியகாந்திப் பூ.

பக்தவத்சலம் போனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மத்தியானம் மறுபடியும் ‘டிங்’. ‘சுப்ரஜா இன்று கீரை முழுவதையும் சாப்பிட்டார்.’ கொஞ்ச நேரத்தில், ‘சுப்ரஜா கையை உயர்த்தி ஒன்பதாம் வாய்ப்பாடு ஒப்பித்தார். அருமை!’

“நம்ம புள்ள கீரையைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்குவா,” என்றாள் ராஜி. குரல் இறங்கிப்போயிருந்தது. “ஒம்போதாம் வாய்ப்பாடு இன்னும் வரவே வராது. யாருங்க இந்தப் புள்ள? நம்மூட்டுப் பேரை வெச்சுக்கிட்டு அங்க கீரை திங்கறது யாருங்க?”

சிரிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் பக்தவத்சலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பாசிரியை ஜெரால்டின் மிஸ்ஸுக்குப் போன் போட்டார். மிஸ் பக்கத்து ஊரான தாபோடியில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரப் பெண்மணி. அப்பா அங்கே ராணுவ வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர்.

“அரே, என்ன சார் நீங்க, ஃபோன்ல போய் இதெல்லாம் கேட்டுக்கிட்டு!” என்று மிஸ் குரலைத் தாழ்த்தினாள். “க்ளாஸ்ல பதினோரு பிள்ளைங்க இல்ல சார். எனக்குத் தெரியாதா? ஆனா அந்த ஆப்ல ‘வரல’ன்னு ஒரு பட்டனே கிடையாது. ‘வந்தார்’, ‘மகிழ்ச்சியா வந்தார்’, அவ்ளோதான், ரெண்டே பட்டன். உங்க பொண்ணு நல்ல பிள்ளை, அதான் மகிழ்ச்சியா வந்தார்னு போட்டேன்.”

“மிஸ், அவ இங்க காய்ச்சல்ல கெடக்கறா.”

“தெரியும் சார். மை க்யா கரூ, நான் என்ன செய்யட்டும் சொல்லுங்க? பேர் கூப்பிட்டா பதில் குரலும் பதிவாகணும்னு வேற இப்ப ரூல் போட்டுட்டாங்க. காலி பெஞ்சைப் பார்த்துக் கூப்பிடறேன். பிறகு நானே குரலைச் சின்னதாக்கி ‘ப்ரெஸன்ட் மிஸ்’னு சொல்றேன். பதினோரு குரல்ல சொல்றேன் சார். மிச்சப் பிள்ளைங்க என்னையே பார்க்குதுங்க. ஒண்ணு பயந்துபோய் அழுதுடுச்சு.” மிஸ் குரலை இன்னும் இறக்கினாள். “உங்க பொண்ணு குரல்தான் சார் எனக்குச் சரியாவே வரமாட்டேங்குது,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஸ்கூல் பஸ் வந்தது. அதுதான் ராஜியை உலுக்கிவிட்டது. வழக்கமான நேரத்துக்கு அவர்கள் ஹவுசிங் சொசைட்டி வாசலில் பஸ் நின்றது. கதவு திறந்தது. மாவஷி என்று பிள்ளைகள் கூப்பிடுகிற ஆயாம்மா படியில் நின்று, குனிந்து, யாரையோ கையைப் பிடித்து இறக்கிவிடுகிற மாதிரி கையை நீட்டி, “சுப்ரஜா, ஹளூ, ஹளூ” என்றாள். மெதுவாக இறங்கச் சொல்கிறாள். யாரும் இறங்கவில்லை. கதவு மூடியது. அடுத்த சொசைட்டி வாசலில் போய் நின்று அங்கேயும் கதவு திறந்து மூடியது. பால்கனியிலிருந்து பார்த்தால் தெரு நெடுக அந்தப் பஸ் நின்று நின்று போவது தெரியும். இறக்கிவிடாவிட்டால் கணக்கு இடிக்குமாம்.

இரண்டு நாள் பால்கனியில் நின்று பார்த்த ராஜி மூன்றாம் நாள் துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு கீழே கிளம்பினாள்.

“எங்க போற?”

“கேட்டுக்குப் போறனுங்க. பஸ் வர்ற நேரம்.”

“அதுல யாரு வரப்போறா ராஜி?”

“எனக்குத் தெரியாதுங்களா? ஆனா சுப்ரஜான்னு பேரைச் சொல்லி எறக்கி விடறாங்க. வாங்கிக்க ஆளில்லாம அங்க நிக்கற மாதிரியே இருக்குதுங்க எனக்கு.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போய் நின்றுவிட்டுத்தான் வந்தாள்.

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று பக்தவத்சலம் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனார். அங்கே ‘வருகை மேன்மை அலுவலர்’ என்று பலகை மாட்டிய அறையில் ராகவேந்திரா உட்கார்ந்திருந்தார். மழமழவென்று ஷேவ் செய்த, எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருக்கிற முகம்.

“சார், என் பொண்ணு ஒரு வாரமா வீட்ல இருக்கா. மம்ப்ஸ்.”

“பெயர்?”

“சுப்ரஜா. மூணாவது, ‘பி’.”

ராகவேந்திரா கம்ப்யூட்டரைத் தட்டினார். “சுப்ரஜா இப்போது ஓவிய வகுப்பில் மலை வரைந்துகொண்டிருக்கிறார். நன்றாக வரைகிறாராம். உங்கள் வீட்டில் இருப்பது யார் என்பதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.”

“என்ன சார் பேசறீங்க? பெத்தவனுக்குத் தெரியாதா?”

“கோபப்படாதீர்கள். கொரோனா காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு பள்ளியில் இருந்தார்கள். அப்போது ஒத்துக்கொண்டீர்கள் இல்லையா? ஃபீஸும் கட்டினீர்கள். உடம்பு ஓரிடம், வருகை ஓரிடம் என்பதை இந்த நாடே ஏற்றுக்கொண்டுவிட்டது. நீங்கள்தான் பழைய காலத்திலேயே நிற்கிறீர்கள்.”

பக்தவத்சலம் ஒத்துக்கொண்டது உண்மைதான். கையைப் பிசைந்துகொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனார். பிரின்சிபால் மிஸஸ் பெண்ட்ஸே மகா மரியாதையான அம்மா. நாற்காலியிலிருந்து எழுந்து நின்று வணக்கம் சொன்னார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

“மம்ப்ஸ் பரவினால் பிள்ளைகள் வராமல் இருக்க வேண்டும், அல்லவா? எங்கள் பள்ளியில் ஒருவர்கூட வராமல் இல்லை. ஆகவே மம்ப்ஸ் இல்லை. இது அறிவியல்,” என்றார். “நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து இந்தப் பள்ளியில் ஒரு குழந்தைக்கும் உடம்பு சரியில்லாமல் போனதே கிடையாது. எந்தக் குழந்தையையும் நாங்கள் கேட்டது கிடையாது. கேட்டால் ஏதாவது சொல்லும். குழந்தைகள் அப்படித்தான்.”

“மத்த அப்பா அம்மாக்களுக்காவது சொல்லுங்க மேடம். வீட்ல கைக்குழந்தை இருக்கும், கர்ப்பிணிங்க இருப்பாங்க.”

“சொன்னால் பயப்படுவார்கள். பயந்தால் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். அனுப்பாவிட்டால் வருகை குறையும். ஒரு வியாதிக்காக நாம் அவ்வளவு தூரம் போக வேண்டுமா, சொல்லுங்கள். அடுத்த வாரம் அகில இந்திய வருகை மேன்மைக் கழகத்தின் ஆய்வுக் குழு வருகிறது. நேரிலேயே வருகிறார்கள். நீங்களும் வாருங்கள், உங்கள் மகளைப் பார்த்து நீங்களே பெருமைப்படுவீர்கள்.”

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் வெகுநேரம் நின்றார் பக்தவத்சலம். அவர் கம்பெனியில் கணக்கில் இருக்கிற சாமான் தட்டில் இல்லையென்றால் அன்றைக்கு ஒருத்தன் வேலை போகும். இங்கே அதற்கு விருது கொடுக்க ஆள் வருகிறது.

அந்த வாரக் கடைசியில் சுப்ரஜாவுக்குக் காய்ச்சல் விட்டது. வீக்கமும் வடிந்துகொண்டு வந்தது. ஆனால் எழுந்து நடந்தால் தலை சுற்றுகிறது என்றாள். கோயம்புத்தூரிலிருந்து அவள் மாமா போன் பண்ணியபோது இடது காதில் வைத்துக்கொண்டு, “மாமா பேச மாட்டேங்கறாங்கப்பா,” என்றாள். போனுக்குள் மாமா கத்திக்கொண்டிருப்பது எதிரே நின்ற பக்தவத்சலத்துக்கே கேட்டது. ராஜி ஓடிவந்து போனை வலது காதுக்கு மாற்றினாள். “ஓ, பேசறாங்க,” என்று சிரித்தாள் குழந்தை.

காது டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். மாத்திரை கொடுத்தார், இரண்டு நாள் கழித்து மறுபடி சோதித்தார். வலது காது நன்றாக இருக்கிறது, இடது காது போய்விட்டது, திரும்புவது கஷ்டம் என்றார். எத்தனையோ பிள்ளைகளுக்கு வந்து தானாகப் போய்விடுகிற நோய்தான், எப்போதாவது ஒரு குழந்தைக்கு இப்படி ஆகிவிடுகிறது என்றார். ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து பக்தவத்சலம் வாய்விட்டு அழுதார். நான்தானே அனுப்பினேன், எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நான்தானே காட்டினேன் என்று மாரில் குத்திக்கொண்டார். ராஜி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அது அவரை இன்னும் வதைத்தது.

இனி அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வகுப்பில் நல்ல காது மிஸ் பக்கம் இருக்கிற மாதிரி மகளை உட்கார வைக்க வேண்டும். அவளுக்கு ஒரு காது கேட்காது என்று அந்தப் பள்ளி ஒப்புக்கொள்ள வேண்டும். டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்றைக்குத்தான் ஆய்வுக் குழு வருகிற நாள் என்பது கேட்டில் வாழைமரத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

ஆப்பில் ஆஜர் போட்டுவிடலாம். வருகிறவர்கள் கண்ணால் பார்ப்பார்களே, அதற்கு என்ன செய்வது? ராகவேந்திரா அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார். வராத பதினோரு பிள்ளைகளின் அட்மிஷன் போட்டோக்களைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து, அவரவர் நாற்காலியில் நிறுத்தி வைத்துவிட்டார். ‘உருவ வருகை’ என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. அவர் போட்ட கணக்கு சரிதான். அவர் மறந்தது, பிள்ளைகள் மாமா என்று கூப்பிடுகிற பியூனை.

விருந்தாளிகளுக்குப் போடுவதற்கென்று பியூன் மாமா மார்க்கெட்டிலிருந்து ஒரு கூடை சாமந்தி மாலை வாங்கி வந்திருந்தார். வகுப்பைப் பெருக்கிவிட்டு நிமிர்ந்தவர் கண்ணில் பட்டது என்ன? கண்ணாடிச் சட்டம் போட்ட போட்டோக்கள். நாற்காலியில். வரிசையாக. அத்தனையும் குழந்தை முகங்கள். நம் நாட்டில் பிறந்த எந்த மனுஷனும் அதைப் பார்த்தால் என்ன நினைப்பானோ அதைத்தான் அவரும் நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு போட்டோவுக்கும் ஒரு மாலை போட்டார். ஓடிப்போய் ஊதுபத்தி வாங்கிவந்து ஏற்றியும் வைத்தார்.

பக்தவத்சலம் வகுப்பு வாசலில் வந்து நின்றது அந்த நேரத்தில்தான். புகைக்கு நடுவே மூன்றாவது வரிசையில் அவர் மகள் இரட்டைச் சடையும் பொக்கைப் பல்லுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் மாலை. இப்போதுதான் அவளுக்குத் தோசை ஊட்டிவிட்டு வந்தோம், இப்போதுதான், இப்போதுதான் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் ஒரு நொடி, ஒரே நொடி, வீட்டில் இருப்பது யார் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பின்னாலேயே ஆய்வுக் குழு வந்துவிட்டது. குழுத் தலைவர் நரைத்த மீசைக்காரர். உள்ளே வந்தவர் போட்டோக்களைப் பார்த்து அப்படியே நின்றார். செருப்பைக் கழற்றினார். கைகூப்பித் தலை குனிந்தார். கூட வந்தவர்களும் குனிந்தார்கள். வந்திருந்த பிள்ளைகளை ஜெரால்டின் மிஸ் எழுந்து நிற்கச் சொன்னாள். மௌன அஞ்சலி தொடங்கிவிட்டது.

மிஸஸ் பெண்ட்ஸேயின் முகம் வெளிறியது. இந்தப் பிள்ளைகள் சாகவில்லை என்று சொன்னால், எங்கே என்று கேட்பார்கள். வீட்டில் என்று சொன்னால் நூறு போய்விடும். ராகவேந்திரா அவர் காதருகே குனிந்தார். அமைதியில் அது எல்லோருக்கும் கேட்டது.

“பரவாயில்லை மேடம். இறந்தவர்கள் என்றால் பெயர்ப் பட்டியலிலிருந்தே போய்விடுவார்கள். வராதவர்கள்தான் சதவீதத்தைக் கெடுப்பார்கள்.”

மிஸஸ் பெண்ட்ஸே மூச்சை இழுத்துவிட்டார். பிறகு தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“என் பொண்ணு உசிரோட இருக்கா!” என்று கத்தினார் பக்தவத்சலம். “வீட்ல இருக்கா! தோசை தின்னுட்டு டீவி பார்த்துட்டிருக்கா!”

குழுத் தலைவர் ஈரக் கண்களோடு அவர் தோளைத் தொட்டார். “தகப்பன் மனசு. அப்படித்தான் தோன்றும்.” பிறகு எல்லோரையும் பார்த்துத் திரும்பினார். “எத்தனையோ பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். உயிரோடு இருக்கிற பிள்ளைகளை வரவழைக்கவே திணறுகிறார்கள். செத்த பிறகும் இருக்கையை விட்டுக்கொடுக்காத பிள்ளைகளை இங்கேதான் பார்க்கிறேன். இதற்கு மேல் வருகை என்று ஒன்று இருக்கிறதா?” யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

பக்தவத்சலம் மகள் போட்டோவிலிருந்த மாலையைப் பிய்த்து எறிந்தார். போட்டோவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோக மனம் ஒப்பவில்லை, எறியவும் கை வரவில்லை. காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினார். சிக்னலில் நின்ற டிராஃபிக் போலீஸ்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு, மற்ற வண்டிகளை நிறுத்தி அவருக்கு வழிவிட்டார்.

அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் பெற்றோர் குழுவில் இரங்கல் செய்தி வந்துவிட்டது. சாயங்காலம் சொசைட்டி செக்ரட்டரியும் நாலைந்து பேரும் வெள்ளை உடையில் துக்கம் விசாரிக்க வந்து பெல்லை அடித்தார்கள். கதவைத் திறந்தது சுப்ரஜா. “அரே பாப் ரே!” என்று ஒருவர் படிக்கட்டில் நாலு படி சறுக்கிவிட்டார். மற்றவர்கள் சுதாரித்துக்கொண்டார்கள். செக்ரட்டரி மட்டும் போகும்போது, “பள்ளி சொல்லியிருக்கிறது. எதற்கும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து போனில் செய்தி வருவது நின்றது. பஸ்ஸும் அவர்கள் வாசலில் நிற்காமல் போனது. அந்தச் செய்திகளைக் கரித்துக்கொட்டிய ராஜியே காலையில் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். “இப்ப அங்கயும் இல்லைன்னு ஆயிருச்சுங்களே,” என்றாள்.

மற்ற பத்து வீட்டுப் பெற்றோரைப் பக்தவத்சலம் போய்ப் பார்த்தார். எல்லோரும் கதவை ஒருக்களித்துவைத்துக்கொண்டே பேசினார்கள். அடுத்த வருஷம் அங்கே சீட் கிடைப்பது குதிரைக்கொம்பு, இந்த நேரத்தில் பள்ளியைப் பகைத்துக்கொள்ளலாமா என்றார்கள். பிள்ளை உயிரோடுதானே இருக்கிறது, அதை வேறு எழுதி வாங்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். வேறு பள்ளிகளில் கேட்டால், வருஷக் கடைசியில் சேர்க்க மாட்டோம் என்றார்கள்.

கடைசியில் மிஸஸ் பெண்ட்ஸே முன்னால் போய்த்தான் நிற்க வேண்டியிருந்தது. அந்த அம்மா இப்போதும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

“உங்கள் மகள் தாராளமாக வரலாம். நாங்கள் மனிதாபிமானம் உள்ளவர்கள். ஆனால் பெயரை இப்போது சேர்க்க முடியாது. சேர்த்தால் அஞ்சலி செலுத்தியது தவறு என்று ஆகும். குழுத் தலைவர் அழுதிருக்கிறார், அது வீணாகும். ஜூனில் புது அட்மிஷனாகப் போட்டுக்கொள்வோம். அதுவரை வந்து உட்காரட்டும்.”

“மேடம், அவளுக்கு இடது காது கேக்காது. முன் பெஞ்சுல, சுவத்தோரமா, வலது காது மிஸ் பக்கம் இருக்கற மாதிரி...”

“பட்டியலில் இல்லாத பிள்ளைக்குக் காது எப்படிக் கேட்காமல் போகும்?” என்றார் பிரின்சிபால், நிஜமாகவே புரியாமல்.

முதல் நாள் பக்தவத்சலமே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். ஜெரால்டின் மிஸ் யாரையும் கேட்காமல் சுப்ரஜாவை முன் பெஞ்சில் சுவரோரமாக உட்கார வைத்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. பக்தவத்சலம் போகாமல் ஜன்னலுக்கு வெளியே நின்றார். மிஸ் ஆங்கில எழுத்து வரிசைப்படி பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். சுப்ரஜா நிமிர்ந்து உட்கார்ந்து, வலது காதை முன்னால் நீட்டி, ஒவ்வொரு பெயருக்கும் உதட்டைத் திறந்து காத்திருந்தாள். ‘எஸ்’ வந்தது, போனது. ‘டி’யும் போய்விட்டது. மிஸ் தலையைத் தூக்கவே இல்லை. போனை மூடி வைத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி, வெகுநேரம் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

சாயங்காலம் வண்டியில் பின்னால் ஏறி அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டதுமே சுப்ரஜா சொன்னாள்.

“அப்பா, இன்னைக்கு மிஸ் என் பேரைக் கூப்பிட்டப்ப நான் பதிலே சொல்லல.”

அவர் வண்டியைக் கிளப்பாமல் இருந்தார்.

“எல்லார் பேரும் கேட்டுச்சுப்பா. என் பேர் மட்டும் எனக்குக் கேக்கல. இந்தக் காதுனாலதான். மிஸ் கோவிச்சுக்கிட்டாங்க போல, என்னைப் பார்க்கவே இல்ல. கூப்பிட்டாங்கதானே? நீங்க வெளிய நின்னீங்கல்ல?”

உண்மையைச் சொல்லிவிடலாம். உன் பெயரே அங்கே இல்லை கண்ணு, நீ செத்துப்போனதாக எழுதிவிட்டார்கள் என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு நாக்கு வரும்?

“கூப்பிட்டாங்க அம்முணி,” என்றார். “நான் கேட்டேன்.”

“சத்தமாவா கூப்பிட்டாங்க?”

“நல்லாச் சத்தமா.”

“சரி, நாளைக்கு இன்னும் நல்லாக் கேட்டு, கரெக்டாச் சொல்லிடறேன்.”

வண்டி கிளம்பியது. ஸ்டேஷன் பக்கத்துச் சிக்னலில் நின்றபோது பக்தவத்சலம் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் சுப்ரஜா கண்ணை மூடிக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, எப்படி வைத்தால் நன்றாகக் கேட்கும் என்று பழகிக்கொண்டிருந்தாள்.